நாற்பதில் மறுபடி கல்லூரி, மாணவர் பேரவையில் ஓர் இருக்கை: கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜுக்கு ஒரு வழிகாட்டி

குழந்தைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும், வேலை கைவிட்டுப் போனதும், ஊரில் வாங்கிய பட்டம் இங்கே எடுபடவில்லை என்று தெரிந்ததும் கலிஃபோர்னியாவில் பலர் திரும்பிப் படிக்கச் சேரும் இடம் கம்யூனிட்டி காலேஜ் என்னும் ஈராண்டு அரசுக் கல்லூரி. மாநிலத்தில் 116 கல்லூரிகள் உண்டு. ஃப்ரீமான்ட், சான்டா கிளாரா, கூப்பர்டினோ பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஓலோனி, மிஷன், டி ஆன்சா கல்லூரிகள் காரில் கொஞ்ச தூரம்தான்.

சேர்ந்த பிறகு, மாணவர் பேரவை என்றால் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் பீட்சா விழா நடத்தும் இடம் என்று ஒதுங்கிவிடாதீர்கள். மாலை வகுப்பு எத்தனை வைப்பது, குழந்தைக் காப்பகம் எத்தனை மணிக்கு மூடுவது, கட்டணம் எவ்வளவு என்பதையெல்லாம் பேசும் குழுக்களில் மாணவருக்குச் சட்டப்படி இடம் உண்டு. அந்த நாற்காலிகள் பல கல்லூரிகளில் ஆளில்லாமல் கிடக்கின்றன. வேலையும் வீடும் பார்த்துக்கொண்டு படிக்கிறவர் உட்கார வேண்டிய இடம் அதுதான்.

முதலில் பணமும் காகிதமும்

பாடத்தின் அளவை யூனிட் என்பார்கள். மாநில வாசிக்கு ஒரு யூனிட் 46 டாலர். மூன்று யூனிட் வகுப்பு 138 டாலர். ஈராண்டு அசோசியேட் பட்டத்துக்கான 60 யூனிட்டும் சேர்ந்து 2,760 டாலர். உடல்நலக் கட்டணம், பார்க்கிங், புத்தகம் எல்லாம் தனி. டி ஆன்சா மாதிரி குவார்ட்டர் முறைக் (செமஸ்டரைவிடக் குறுகிய பருவங்கள்) கல்லூரியில் யூனிட்டுக்கு 31 டாலர். மாநில வாசி அல்லாதவருக்கு இதே யூனிட் பல மடங்கு ஆகும் என்பதால், வாசி என்று நிரூபிப்பதுதான் முதல் வேலை.

விதி இது: செமஸ்டர் தொடங்கும் நாளுக்கு முந்தைய நாள் கணக்கில், கலிஃபோர்னியாவில் ஓராண்டும் ஒரு நாளும் வசித்திருக்க வேண்டும், இங்கேயே இருக்கும் எண்ணத்துக்கும் சான்று வேண்டும். எச்1பி, எச்4 விசாக்காரர்களும் இப்படி மாநில வாசி ஆகலாம். எஃப்1 விசாவில் இருப்பவர் ஆக முடியாது. பலர் சறுக்குவது சான்றில்தான். இரண்டு வருஷமாக இங்கே இருப்பார், ஆனால் ஓட்டுநர் உரிமம் எடுத்து மூன்று மாதம்தான் ஆகியிருக்கும். வாடகை ஒப்பந்தத்திலும் வங்கிக் கணக்கிலும் கணவர் பெயர் மட்டும் இருக்கும். படிக்கும் எண்ணம் வந்த அன்றே உரிமம், வங்கிக் கணக்கு, மாநில வரித் தாக்கல் மூன்றையும் உங்கள் பெயரும் தேதியும் தெரியும்படி சேர்க்கத் தொடங்குங்கள்.

கிரீன் கார்டோ குடியுரிமையோ இருந்தால் மத்திய அரசின் நிதியுதவிக்கான ஃபாஃப்சா விண்ணப்பத்தைப் போடுங்கள். ஊரில் பி.ஈ., பி.எஸ்ஸி. முடித்தவருக்குத் திருப்பித் தர வேண்டாத மத்திய உதவித்தொகையான பெல் கிராண்ட் கிடைக்காது. வெளிநாட்டு இளநிலைப் பட்டமும் பட்டமாகவே கணக்காகும். அதை மறைத்து விண்ணப்பிப்பது ஆபத்து. ஆனால் யூனிட் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் காலேஜ் பிராமிஸ் கிராண்டுக்கு முந்தைய பட்டம் தடையில்லை. வருமானத்தையும் தேவையையும் பார்ப்பார்கள்.

பழைய மார்க்‌ஷீட்டை மதிப்பிட நேசஸ் (வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் நிறுவனங்களின் சங்கம்) அமைப்பில் உறுப்பினராக உள்ள நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். பாட வாரியான அறிக்கையைக் கேளுங்கள். பொது அறிக்கை மலிவு, ஆனால் முன்தேவைப் பாடங்களைத் தள்ளுபடி வாங்க உதவாது. பணம் கட்டுவதற்கு முன் கல்லூரி கவுன்சிலரைப் பார்த்து, உங்கள் படிப்புக்கு அது தேவைதானா என்று கேட்டுவிடுங்கள். முன்பு இங்கேயே படித்து மோசமான கிரேடு வாங்கியவர் "அகடமிக் ரினியூவல்" பற்றிக் கேட்க வேண்டும். பழைய கிரேடுகள் மார்க்‌ஷீட்டில் தெரியும், ஆனால் கிரேடுகளின் சராசரியான ஜிபிஏவில் சேராது. எத்தனை யூனிட் வரை என்பது கல்லூரி மாவட்டத்துக்கு (கல்லூரிகளை நடத்தும் நிர்வாக அமைப்பு) மாவட்டம் மாறும்.

கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் நுழைவுச் சோதனை இருக்குமே என்று பயந்து தள்ளிப்போட வேண்டாம். 2017இல் வந்த ஏபி 705 சட்டத்துக்குப் பிறகு அந்தச் சோதனைகள் ஓய்ந்துவிட்டன.

குழந்தை உள்ளவர்கள் பதிவின்போதே அதைச் சொல்லுங்கள். ஏபி 2881 சட்டப்படி, 2023 ஜூலை முதல் பெற்றோர் மாணவருக்கு முன்னுரிமைப் பதிவு உண்டு. சனிக்கிழமை வகுப்பும் மாலை வகுப்பும் முதலில் நிரம்பும் கல்லூரிகளில் இந்த ஒரு சலுகையே ஒரு செமஸ்டரைக் காப்பாற்றும்.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம்

முழு செமஸ்டரில் ஒரு யூனிட் என்றால் வாரத்துக்கு மூன்று மணி நேர உழைப்பு: ஒரு மணி வகுப்பு, இரண்டு மணி வீட்டில். மூன்று யூனிட் வகுப்புக்கு ஒன்பது மணி. அதே வகுப்பை எட்டு வாரத்தில் முடித்தால் பதினெட்டு மணி. "சீக்கிரம் முடிந்துவிடும்" என்று இரண்டு எட்டு வார வகுப்பை ஒன்றாக எடுத்தவர், முழுநேர வேலையுடன் மூன்றாவது வாரத்திலேயே திணறுவார்.

பேரவைப் பொறுப்புக்கு வாரம் ஆறிலிருந்து எட்டு மணி ஒதுக்குங்கள்: பேரவைக் கூட்டம் இரண்டு மணி, ஒரு குழுக் கூட்டம் ஒன்றரை மணி, மீதி காகிதம் படிப்பது, மின்னஞ்சல், அலுவலக நேரம். இரண்டு வகுப்பும் ஒரு பொறுப்பும் சேர்ந்தால் வாரம் 24 முதல் 26 மணி ஆகும். முழுநேர வேலையில் இருப்பவருக்கு அதுவே கிட்டத்தட்ட உச்சம்.

இங்கே ஒரு கணிதம் இருக்கிறது. பதவி இழப்பவர் பலரும் இதைப் பார்க்காமல்தான் இழக்கிறார்கள். மாநிலக் கல்விச் சட்டப்படி பேரவைப் பொறுப்பாளர் தேர்தல் நாளிலும் பதவிக்காலம் முழுவதும் குறைந்தது ஐந்து செமஸ்டர் யூனிட் படிக்க வேண்டும். குவார்ட்டர் கணக்கில் அது 7.5. மூன்று யூனிட் வகுப்பு இரண்டு எடுத்தால் ஆறு. பாதியில் ஒன்றை விட்டால் மூன்று, பதவியும் போய்விடும். அதனால் 3 + 3 + 2 என்று எட்டு யூனிட் எடுங்கள். கடினமான ஒன்றை விட நேர்ந்தாலும் ஐந்து மிஞ்சும். அந்த இரண்டு யூனிட் வகுப்பு வேலைவாய்ப்பு வழிகாட்டலோ படிப்புத் திறனோ போல வீட்டுப்பாடம் குறைந்ததாக இருக்கட்டும். உங்கள் பேரவையின் துணைவிதி ஐந்துக்கும் மேலே கேட்கலாம், ஜிபிஏ வரம்பும் வைத்திருக்கும். வாங்கிப் படியுங்கள்.

வகுப்பை விடும் தேதிகளை முதல் நாளே நாட்காட்டியில் குறியுங்கள். முழு செமஸ்டர் வகுப்பில் சுமார் முதல் இரண்டு வாரத்துக்குள் விட்டால் பணம் திரும்பும். அதற்குப் பின் ஒரு குறுகிய காலம் மார்க்‌ஷீட்டில் தடம் இல்லாமல் விடலாம். பிறகு செமஸ்டரின் 75 சதவீதம் வரை விட்டால் "டபிள்யூ" என்ற விலகல் குறி விழும். அதையும் தாண்டினால் கிரேடுதான். போகாமல் இருந்தால் ஆசிரியரே பெயரை நீக்கிவிடுவார் என்று நம்புவது பெரிய தப்பு. எஃப் வந்து நிற்கும். எடுத்த யூனிட்டில் பாதியோ அதற்கு மேலோ முடிக்காமல் போனால் கண்காணிப்புப் பட்டியலில் பெயர் சேரும். இரண்டு செமஸ்டர் தொடர்ந்தால் கட்டணத் தள்ளுபடியும் போகலாம். வீட்டில் பெரிய நோய், விபத்து என்று உங்கள் கையில் இல்லாத காரணம் இருந்தால் "ஈடபிள்யூ" (காரணம் ஏற்கப்பட்ட விலகல்) கேளுங்கள்; அது அந்தக் கணக்கில் சேராது.

உள்ளே போகும் வழி

பேரவைத் தேர்தல் பெரும்பாலும் ஸ்பிரிங் செமஸ்டரில் நடக்கும். அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஃபால் செமஸ்டர் தொடங்கியதும் செனட்டர் (பேரவை உறுப்பினர்) இடங்கள் காலியாக இருக்கும், நியமனத்தில் நிரப்புவார்கள். ஸ்டூடண்ட் லைஃப் அலுவலகத்துக்குப் போய்த் துணைவிதியும் விண்ணப்பமும் வாங்குங்கள். இரண்டு கூட்டத்தில் பார்வையாளராக உட்காருங்கள். ஒன்றில் பொதுமக்கள் கருத்து நேரத்தில் இரண்டு நிமிஷம் பேசுங்கள். பிறகு விண்ணப்பியுங்கள். ஏற்கெனவே முகம் தெரிந்தவரை நியமிக்க யாரும் தயங்குவதில்லை.

முதல் வருஷமே தலைவர் பதவிக்கு நிற்க வேண்டாம். தலைவர் பதவி விழா, மேடை, வரவேற்பு என்று நேரத்தைத் தின்றுவிடும். ஒரு செனட்டர் இடம், ஒரு கல்லூரிக் குழு போதும்.

எந்தக் குழு? மாநில விதித் தொகுப்பின் டைட்டில் 5, பிரிவு 51023.7 மாணவருக்குக் கருத்துச் சொல்லும் உரிமை உள்ள ஒன்பது துறைகளை வரிசையிடுகிறது: கிரேடு கொள்கை, நடத்தை விதி, ஒழுங்கு நடவடிக்கை, பாடத்திட்டம், படிப்புகளைத் தொடங்குவதும் மூடுவதும், திட்டமிடல் மற்றும் பட்ஜெட் நடைமுறை, மாணவர் தயாரிப்பும் வெற்றியும், மாணவர் சேவைகள், கட்டணங்கள். மாணவரை வெகுவாகப் பாதிக்கும் வேறு கொள்கை எதுவும் பத்தாவது. பேரவை வட்டாரத்தில் இதை "9 + 1" என்பார்கள். இதில் பட்ஜெட் குழுவே எங்கள் தேர்வு. மாலை நேர கவுன்சிலிங்குக்கும் நூலக நேரத்துக்கும் பணம் அங்கேதான் முடிவாகிறது. கையெழுத்து வேட்டையில் கிடைக்காதது அங்கே ஒரு கேள்வியில் கிடைக்கலாம்.

இந்தக் குழுக்கள் பெரும்பாலும் பகல் இரண்டு மணி, மூன்று மணிக்குக் கூடும். வேலைக்குப் போகிறவர் வருஷத்துக்கான கூட்டத் தேதிகளை முன்பே வாங்கி, மேலாளரிடம் பேசிவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். ஜூமில் சேரலாமா என்பதற்குத் தனி விதிகள் உண்டு. பேரவைக்கு வழிகாட்டும் கல்லூரி ஊழியரான அட்வைசரிடம் முன்கூட்டியே கேளுங்கள்; கூட்டத்தன்று கேட்டால் நடக்காது. முதல் கூட்டத்துக்குப் போகும் முன் கடைசி மூன்று கூட்டங்களின் குறிப்பைப் படித்து, புரியாத சுருக்கெழுத்துகளைப் பட்டியலிட்டுக் குழுத் தலைவரிடம் பத்து நிமிஷம் கேளுங்கள்.

பிரவுன் சட்டம்

1953இல் வந்த இந்தத் திறந்த கூட்டச் சட்டம் கம்யூனிட்டி காலேஜ் மாணவர் பேரவைக்கும் பொருந்தும். வழக்கமான கூட்டத்தின் அஜெண்டாவை 72 மணி நேரத்துக்கு முன் பொது இடத்தில் ஒட்ட வேண்டும். சிறப்புக் கூட்டத்துக்கு 24 மணி நேரம். அஜெண்டாவில் இல்லாததைப் பற்றி முடிவெடுக்க முடியாது.

எல்லோரும் மீறுவது வாட்ஸ்அப்பில். பதினைந்து பேர் பேரவையில் எட்டுப் பேர் ஒரு குரூப்பில், அடுத்த கூட்டத்தில் வரப்போகும் தீர்மானத்தைப் பற்றிப் பேசினால் அது அறிவிக்காத கூட்டம். ஒருவர் அடுத்தவரிடம், அவர் இன்னொருவரிடம் என்று சங்கிலியாகப் போய் எட்டைத் தொட்டாலும் அப்படித்தான். குரூப்பில் நேரம், இடம், யார் சாப்பாடு கொண்டுவருவது என்பதோடு நிறுத்துங்கள்.

அஜெண்டா வரி எழுதும் விதம் முக்கியம். "நூலகம்" என்று மட்டும் போட்டால் கூட்டத்தில் கை கட்டிப்போகும். இப்படி எழுதுங்கள்: "நூலகத்தை திங்கள் முதல் வியாழன் வரை இரவு 9 மணி வரை திறந்துவைக்கக் கோரும் தீர்மானம்: விவாதமும் நடவடிக்கையும்." பொதுவாக இருபது சொல்லுக்குள் அடங்கினால் போதும். "நடவடிக்கை" என்ற சொல் விடுபட்டு "விவாதம்" மட்டும் நின்றால் அன்று வாக்கெடுக்க முடியாது, இரண்டு வாரம் போய்விடும்.

கூட்டத்தில் ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிந்த பிறகுதான் விவாதம். வழிமொழிய ஆள் இல்லாவிட்டால் அங்கேயே விழுந்துவிடும். ஒருவரிடம் முன்கூட்டிச் சொல்லிவைப்பதில் தப்பில்லை, ஒருவர் மட்டும் என்றால். கோரம் (குறைந்தபட்ச வருகை) இல்லாத நாளில் எடுத்த வாக்கு செல்லாது. மாலை ஐந்தரைக்குப் பிள்ளைகள் பஸ் பிடிக்க எழுந்துபோகும் பேரவையில் முக்கியத் தீர்மானத்தை அஜெண்டாவின் மேலே போடச் சொல்லுங்கள்.

பணம் செலவழிக்கும் முன்

பேரவைப் பணத்தைச் செலவழிக்க மூன்று ஒப்புதல் வேண்டும்: கல்லூரி மாவட்டம் நியமித்த அதிகாரி, அட்வைசர், பேரவைப் பிரதிநிதி. மூன்றும் செலவுக்கு முன்னால். சொந்தக் கார்டில் காஸ்ட்கோவில் வாங்கிவிட்டு ரசீது நீட்டினால் பணம் வராமல் போகலாம். விலைப்புள்ளி, தீர்மானம் நிறைவேறிய கூட்டக் குறிப்பு, நிகழ்ச்சித் தேதி மூன்றையும் இணைத்து நாலு வாரம் முன்பே கொடுங்கள்.

பொறுப்புக்காகப் பேரவை உதவித்தொகை கொடுத்தால், நிதியுதவி பெறுகிறவர் அது தன் நிதியுதவியைக் குறைக்குமா என்று நிதியுதவி அலுவலகத்தில் கேட்க வேண்டும். வேலை அனுமதி இல்லாத எச்4காரர் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்காமல் ஒரு டாலரும் வாங்க வேண்டாம். பொறுப்பை ஊதியமின்றி ஏற்கலாம்.

வயது

தலைவர் பத்தொன்பது வயதுப் பெண்ணாக இருக்கலாம். கூட்டத்தை நடத்தும் அதிகாரம் அவருடையது. கையைத் தூக்கி, அவர் அழைத்த பிறகு பேசுங்கள். "இதெல்லாம் நான் ஆபீஸில் பார்த்தது" என்று தொடங்கினால் அந்த மேசையில் உங்களை யாரும் கேட்க மாட்டார்கள். ஒப்பந்தம் படிக்கத் தெரிவது, நேரத்துக்கு வருவது, டீனிடம் தயங்காமல் எண்ணைக் கேட்பது இவையே உங்கள் பலம். பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட நா கூசினால் "புரொஃபசர்" என்றே கூப்பிடுங்கள், யாரும் தவறாக எடுக்க மாட்டார்கள்.

மே மாதம்

ஏப்ரலில் தேர்தலும் பட்ஜெட்டும் வரும், மே மாதம் இறுதித் தேர்வு. அதனால் உங்கள் பெரிய தீர்மானத்தை மார்ச் நடுவுக்குள் வாக்குக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பேரவை ஆண்டுதோறும் கலைந்து புது ஆட்கள் வருவார்கள்; நிர்வாகம் பாதி வாக்குறுதியை மறப்பது அந்தக் கோடையில்தான். போகும் முன் ஒரு கோப்பு தயாரித்து அட்வைசரிடம் கொடுங்கள்: நிறைவேறிய தீர்மானத்தின் நகல், யார் எந்தத் தேதியில் என்ன ஒப்புக்கொண்டார் என்ற மின்னஞ்சல், குழுவின் அடுத்த ஆண்டுக் கூட்டத் தேதிகள், உங்கள் நாற்காலியில் உட்காரச் சம்மதித்த ஒருவரின் பெயர். அந்த ஒருவரைக் கடைசி இரண்டு கூட்டத்துக்கு உங்களுடனேயே அழைத்துப்போங்கள்.