பழைய ஆன்லைன் ரோல்பிளே கேம் நிலைக்குமா? சேருமுன் ஒரு வாரத்தில் கண்டுபிடிக்கும் வழி

பத்து, இருபது வருடம் ஓடிய ஒரு ஆன்லைன் ரோல்பிளே கேமில் கேரக்டர் வளர்ப்பது மாதக்கணக்கான வேலை. சர்வரை மூடினால் அத்தனையும் போகும். அதனால் சந்தா கட்டுமுன் ஒரு வாரம் சோதித்துப் பாருங்கள். கிராஃபிக்ஸை அந்தச் சோதனையில் சேர்க்கவே வேண்டாம். ரூன்ஸ்கேப்பின் 2007 வடிவம் இன்றும் கூட்டத்தோடு ஓடுகிறது. 2014-இல் பளபளப்பாக வந்த வைல்ட்ஸ்டார் 2018-இல் மூடப்பட்டது. நேற்று சம்பாதித்தது நாளைக்கும் செல்லுமா, இன்று புதிதாக வருபவருக்கு வழி இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பேட்ச் குறிப்புகளைப் படியுங்கள்

கேமின் அதிகாரபூர்வ தளத்தில் கடைசி இரண்டு வருட பேட்ச் குறிப்புகள் (ஒவ்வொரு அப்டேட்டிலும் என்ன மாறியது என்ற பட்டியல்) இருக்கும். அவற்றில் சண்டை முறையையோ, கேரக்டர் வளர்ச்சியையோ அடியோடு மாற்றிய அப்டேட் ஏதாவது உண்டா என்று தேடுங்கள். ஆளை விரட்டுவதில் இதற்கு இணையாக எதுவும் இல்லை. ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸில் 30-க்கும் மேற்பட்ட தொழில்கள் இருந்தன. பிளேயர்கள் அவற்றைக் கலந்து தங்களுக்கென ஒரு கேரக்டரை மாதக்கணக்கில் செதுக்கி வைத்திருந்தார்கள். 2005 நவம்பரில் ஒரே அப்டேட்டில் அது 9 கேரக்டர் வகுப்பாகச் சுருங்கியது. அரும்பாடுபட்டு எட்ட வேண்டியிருந்த ஜெடாய் (ஸ்டார் வார்ஸ் கதையின் மாய சக்தி வீரர்), முதல் நாளே தேர்ந்தெடுக்கும் வகுப்பாகிவிட்டது. கைவினைஞர், நடனக்காரர் என்று ஊரை நடத்திக்கொண்டிருந்தவர்கள் விலகினார்கள். அவர்களை நம்பியிருந்த மற்றவர்களும் கிளம்பினார்கள். 2011 டிசம்பரில் சர்வர்கள் மூடப்பட்டன.

ரூன்ஸ்கேப்பும் 2012 நவம்பரில் சண்டை முறையை மாற்றி அதே பள்ளத்தில் விழுந்தது. ஆனால் அதை நடத்தும் ஜாகெக்ஸ் நிறுவனத்திடம் 2007 ஆகஸ்ட் மாதத்து பேக்கப் இருந்தது. வாக்கெடுப்பு நடத்தி, 2013 பிப்ரவரியில் அதைத் தனி கேமாகத் திறந்தார்கள். அதுதான் ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப். புதிய உள்ளடக்கத்துக்கு பிளேயர்கள் வாக்கில் 75 சதவீத ஆதரவு வேண்டும் என்று விதி வைத்தார்கள். 2022-இல் அது 70 ஆனது. 2005-இல் வந்த அபிஸல் விப் என்ற சாட்டை இன்றும் உபயோகத்தில் இருக்கிறது. மூன்று வருடம் விலகியிருந்து திரும்புபவரின் பெட்டியில் உள்ள பொருள் குப்பையாகியிருக்காது. அதனால்தான் அவர் திரும்புகிறார்.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் இதற்கு நேர்மாறு. ஒவ்வொரு எக்ஸ்பான்ஷனும் (பெரிய விரிவாக்கத் தொகுப்பு) பழைய ஆயுதங்களைச் செல்லாக்காசாக்கும். அந்த வேகத்துக்குப் புதிய உள்ளடக்கம் தர பெரிய படை இருப்பதால் அங்கே அது நடக்கிறது. சிறிய நிறுவனம் இதே வழியில் போவது தெரிந்தால் எச்சரிக்கையாக இருங்கள்: பழையதை மதிப்பிழக்கச் செய்துவிட்டு, புதியதைக் காலத்துக்குள் தர முடியாமல் திணறும்.

உங்கள் நேரத்தில் ஆள் இருக்கிறதா

மொத்த பிளேயர் எண்ணிக்கை உங்களுக்கு உதவாது. நீங்கள் ஆடும் நேரத்தில் யார் இருக்கிறார்கள் என்பதே கணக்கு. மத்திய ஐரோப்பாவில் குளிர்காலத்து இரவு 8 மணி என்றால் நமக்கு நள்ளிரவு 12:30. அமெரிக்கக் கிழக்குக் கரையில் அதே இரவு 8 என்றால் நமக்கு மறுநாள் காலை 6:30. இரவு 9 மணிக்கு ஆடுபவர் அமெரிக்க சர்வரில் சேர்ந்தால் ரெய்டு (பலர் கூடிப் பெரிய அரக்கனைத் தாக்குவது) நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பார். ஆசிய சர்வர் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள், பிங்கும் (சர்வருக்குத் தகவல் போய்வரும் தாமதம்) குறையும்.

தலைநகரில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதில் பாதி சும்மா நிற்பவர்களாக இருக்கலாம். நடு லெவல் பகுதிகளுக்குப் போங்கள். உச்ச லெவல் 60 என்றால், 25 முதல் 40 வரையுள்ள பகுதிகளில் அரை மணி நேரம் சுற்றுங்கள். எதிர்ப்படுபவர்களை விசாரியுங்கள். அர்த்தமில்லாத எழுத்துக் கோர்வையில் பெயர், ஒரே தடத்தில் ஓட்டம், பேசினால் பதில் இல்லை என்றால் அது பாட், அதாவது ஆளில்லாமல் மென்பொருள் ஓட்டும் கேரக்டர். பிறகு நடு லெவல் டஞ்சன் (சிறு குழுவாக நுழைந்து சண்டையிடும் இடம்) ஒன்றுக்கு வரிசையில் நில்லுங்கள். 15 நிமிடத்தில் குழு அமைந்தால் நல்லது. மூன்று நாள் முயன்றும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிறதென்றால், உச்ச லெவலுக்குத் தனியாகத்தான் ஏற வேண்டியிருக்கும்.

எல்லோரும் மேலே போய்விட, கீழே ஆளில்லாமல் போவது எல்லாப் பழைய கேமுக்கும் வரும் நோய். மருந்து இருக்கிறதா என்று பாருங்கள். 2002-இல் வந்த ஃபைனல் ஃபேன்டஸி 11-இல் குழு இல்லாமல் லெவல் ஏறுவது பெரும்பாடு. 2008-இல் உயர்ந்த லெவல்காரர் தன் லெவலைத் தற்காலிகமாக இறக்கிக்கொண்டு புதியவரோடு ஆடும் வசதி வந்தது. 2013-இல் கணினியே இயக்கும் துணைவர்களை அழைத்துக்கொள்ளும் ட்ரஸ்ட் முறை வந்தது. ஃபைனல் ஃபேன்டஸி 14, பழைய டஞ்சன்களில் சேரும் மூத்தவர்களுக்குத் தினமும் வெகுமதி தந்து புதியவர்களுக்குக் குழு கிடைக்கச் செய்கிறது.

ஏழு நாள் சந்தைக் கணக்கு

கேமுக்குள் பிளேயர்கள் பொருள் விற்கும் ஏலக்கடையில் மூன்று பொருளைத் தேர்ந்தெடுங்கள்: ஆரம்ப லெவல் மூலப்பொருள் ஒன்று (தாது, மரம்), நடு லெவலில் செலவாகும் மருந்து ஒன்று, உச்ச ஆயுதம் ஒன்று. தினமும் ஒரே நேரத்தில் விலையையும், எத்தனை பேர் விற்கிறார்கள் என்பதையும் குறித்து வையுங்கள். மூலப்பொருள் மலைபோலக் குவிந்து, விற்பவர் இரண்டே பேர் என்றால் பாட் வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். நடு லெவல் மருந்தே இல்லையென்றால் அந்த லெவலில் ஆள் இல்லை. உச்ச ஆயுதத்தின் விலை நாளுக்கு நாள் ஏறினால், அரக்கர்களைக் கொன்று கிடைக்கும் தங்கம் வெளியேற வழியில்லாமல் தேங்குகிறதா என்று சந்தேகிக்கலாம். வேறு வாரங்களிலும் பார்த்து உறுதி செய்யுங்கள்.

பணமும் பொருளும் அழிய வழி வேண்டும். ஈவ் ஆன்லைனில் கப்பல் வெடித்தால் வெடித்ததுதான். 2014 ஜனவரியில் ஒரே போரில் மிகப் பெரிய வகையான டைட்டன் கப்பல்கள் 75 அழிந்தன. மறுபடி கட்ட வேண்டியிருப்பதால் சுரங்கத் தொழிலாளிக்கும் வேலை இருக்கிறது. ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் 2021-இல் சந்தை வரி போட்டு, அந்தப் பணத்தின் ஒரு பகுதியால் பொருட்களை வாங்கி அழிக்கத் தொடங்கியது.

நிஜப் பணத்துக்குப் பொருள் விற்கும் காசுக்கடையையும் ஒருமுறை பாருங்கள். உடை, நிறம் விற்றால் பரவாயில்லை. ஆயுத பலத்தை விற்றால் உழைத்து எடுத்ததற்கு மதிப்பு நிற்காது.

தனியார் சர்வர்கள்

மூடிய கேம்களை ரசிகர்கள் நடத்தும் சர்வர்களில் சேரும்போது உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். வார்கிராஃப்டின் நாஸ்டால்ரியஸ் சர்வர் பெரும் கூட்டத்தோடு இருந்தும் 2016 ஏப்ரலில் சட்ட நெருக்கடியால் மூடப்பட்டது. 2012-இல் மூடிய சிட்டி ஆஃப் ஹீரோஸுக்கு, ஹோம்கமிங் குழு 2024-இல் உரிமம் பெற்றது.

எல்லாம் தேறினாலும் ஒரு மாதச் சந்தா மட்டும் கட்டுங்கள். அந்த மாதத்துக்குள் ஒரு கில்டில் (நிரந்தரமாகச் சேர்ந்து ஆடும் பிளேயர் குழு) சேருங்கள். சேருமுன், கடைசியாக எப்போது ஒன்றாக ரெய்டு போனீர்கள், உறுப்பினர் பட்டியலில் இந்த வாரம் லாகின் செய்தவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். 200 பெயரில் 6 பேர் மட்டுமே வந்திருந்தால் அடுத்த கில்டைத் தேடுங்கள்.