வீட்டுக்கு நெட் எடுக்கப் போறீங்களா? பிளானைப் பாக்குறதுக்கு முன்னாடி லைனைப் பாருங்க

புது வீட்டுக்குப் போறீங்க, இல்ல இருக்குற கனெக்ஷன் ராத்திரியானா சுத்திக்கிட்டே நிக்குது, சரி மாத்திடலாம்னு நாலு கம்பெனி வெப்சைட்டைத் திறந்து வச்சு 100, 200, 300, 1000ன்னு ஸ்பீடு நம்பரை வரிசையா பாத்துட்டு இருப்பீங்க. அந்த நம்பரைக் கொஞ்ச நேரம் ஓரமா வைங்க. உங்க தெருவுக்கு எந்த மாதிரி லைன் வருது, அது ராத்திரி 8 மணிக்கு எப்படி ஓடுது, அறுந்தா எவ்வளவு நேரத்துல ஆள் வர்றாங்க, இந்த மூணும் தெரிஞ்சா பாதி முடிவு அங்கயே ஆயிடும். பிளான் பேரு டர்போவா அல்ட்ராவாங்கிறதெல்லாம் அதுக்கப்புறம்.

ரொம்ப பெரிய சிட்டின்னா ஏழெட்டு கம்பெனி அடிச்சுக்குவாங்க. நடுத்தர ஊர்ல நிலைமை வேற. நாடு முழுக்க இருக்குற பெரிய கம்பெனி ஒண்ணு ரெண்டு, பழைய டெலிபோன் லைன்காரங்க, அப்புறம் லோக்கல் கேபிள் ஆபரேட்டர் ஒண்ணு ரெண்டு பேரு, அவ்வளவுதான் பெரும்பாலும் இருக்கும். அதுலயும் மெயின் ரோட்டுல இருக்குறது உள் தெருவுல இருக்காது. வெப்சைட்ல அட்ரஸ் போட்டா ‘உங்க ஏரியால கிடைக்கும்’னு பச்சை டிக் வரும், அத நம்பி உக்காந்துடாதீங்க, அது பல நேரம் ஏரியாவுக்கான பதில்தான், உங்க வாசலுக்கு இல்ல. வெளிய போயி போஸ்ட்டைப் பாருங்க. மெல்லிசா கருப்பு ஒயர் சின்ன டப்பாக்குள்ள போயி அங்கேருந்து வீடு வீடா பிரியுதுன்னா அது ஃபைபரா, அதாவது வெளிச்சத்துல டேட்டாவைக் கடத்துற கண்ணாடி ஒயரா, இருக்க வாய்ப்பு அதிகம். கொஞ்சம் தடியா உருண்டையா வந்து முனையில திருகி மாட்டுற கனெக்டர் இருந்தா கேபிள் டிவி லைன். டப்பா மேல கம்பெனி பேர் ஸ்டிக்கர் இருக்கும், அத வச்சே யாரு யாரு உங்க தெருவுல உண்மையாவே இருக்காங்கன்னு லிஸ்ட் கிடைச்சுடும். அபார்ட்மென்ட்னா கீழ மீட்டர் ரூம் பக்கத்துல யாரோட பெட்டி மாட்டியிருக்குன்னு பாருங்க, சில பில்டிங்ல ஒருத்தருக்கு மட்டும்தான் உள்ள விட்டிருப்பாங்க, அப்படின்னா கம்பேர் பண்ற வேலையே மிச்சம்.

ஃபைபர் கிடைச்சா ஃபைபர்தான், இதுல பெரிய விவாதம் இல்ல. ஆனா ஃபைபர்னு சொல்றவங்க எல்லாரும் வீட்டுக்குள்ள வரைக்கும் ஃபைபர் இழுக்குறதில்ல. சில பேரு தெருமுனை வரைக்கும் ஃபைபர் கொண்டு வந்து அங்க ஸ்விட்ச்னு லைனைப் பல வீட்டுக்குப் பிரிக்கிற ஒரு பெட்டி வச்சு அதுலேருந்து சாதா லேன் கேபிளை வீட்டுக்கு இழுத்துடுவாங்க. இதுல என்ன பிரச்சனைன்னா அந்த ஸ்விட்ச்சுக்குக் கரன்ட் வேணும், உங்க வீட்டுல யுபிஎஸ் இருந்தாலும் தெருவுல கரன்ட் போனா நெட்டும் போயிடும், இடி மின்னல் வந்தா போர்ட் அடிச்சுட்டுப் போறதும் உண்டு. வீட்டு வரைக்கும் ஃபைபர்னா கம்பெனி ஆபீசுக்கும் உங்க வீட்டுல ஃபைபர் வந்து சொருகுற பெட்டிக்கும் நடுவுல பொதுவா கரன்ட் தேவைப்படுற எதுவும் இருக்காது, வீட்டுப் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் ஒரு குட்டி யுபிஎஸ் போட்டா போதும். அதனால ‘ஃபைபரா?’ன்னு கேக்காதீங்க, ‘கண்ணாடி ஒயர் என் ரூமுக்குள்ள வருமா?’ன்னு கேளுங்க.

ஃபைபர்லயும் லைன் உங்களுக்கு மட்டும் சொந்தம் கிடையாது. இப்ப ரொம்ப பரவலா இருக்குற ஜிபான் முறையில கீழ் நோக்கி (டவுன்லோடு) சுமார் 2.5 ஜிபிபிஎஸ், அதாவது 2500 எம்பிபிஎஸ், மேல் நோக்கி (அப்லோடு) 1.25 ஜிபிபிஎஸ், இதை ஸ்ப்ளிட்டர் வச்சு 32 வீடு 64 வீடுன்னு பிரிச்சுக் குடுப்பாங்க. எல்லாரும் ஒரே நேரத்துல முழுசா இழுக்க மாட்டாங்கங்கிற கணக்குதான். அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியா வரும், ஃபைபர்ல ராத்திரி ஸ்லோ ஆகுதுன்னா தெருவுல இருக்குற பிரிப்பை விட ஆபரேட்டர் தனக்கு மேல இருக்குற கம்பெனிகிட்ட வாங்கியிருக்குற பேண்ட்வித் (மொத்தக் கொள்ளளவு) பத்தலைன்னுதான் முதல்ல சந்தேகப்படணும்.

ஃபைபர் இல்லைன்னா கேபிள் லைன் பரவாயில்ல, டவுன்லோடு நல்லா இருக்கும், அப்லோடுலதான் கஞ்சத்தனம். டெலிபோன் ஒயர்ல வர்ற டிஎஸ்எல்லுக்கு தூரம்தான் எல்லாமே, அதுல ஏடிஎஸ்எல்2பிளஸ்ங்கிற வகை பேப்பர்ல 24 எம்பிபிஎஸ், எக்ஸ்சேஞ்ச்லேருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருந்தா அதுல கால்வாசி வந்தாலே சந்தோஷம். 4ஜி, 5ஜி சிம் போடுற பெட்டின்னா டவர் எந்தப் பக்கம் இருக்கோ அந்த ஜன்னல்கிட்ட போன்ல டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. சாட்டிலைட் கடைசி சாய்ஸ், அதுலயும் 35,786 கிலோமீட்டர் மேல இருக்குற பழைய வகைன்னா பிங்கே (டேட்டா போயிட்டுத் திரும்பி வர்ற நேரம்) 600 மில்லிசெகண்ட் கிட்ட வரும், வீடியோ கால்ல நீங்க பேசி முடிச்சு அவங்க சிரிக்கிறதுக்குள்ள அடுத்த பேச்சு ஆரம்பிச்சிருக்கும். தாழப் பறக்குற ஸ்டார்லிங்க் மாதிரி வகை எவ்வளவோ மேல்.

இப்ப ஸ்பீடுக்கு வருவோம். பிளான்ல போட்டிருக்குறது மெகாபிட், நீங்க டவுன்லோடுல பாக்குறது மெகாபைட், 8ஆல வகுக்கணும். 100 எம்பிபிஎஸ்னா செகண்டுக்கு 12.5 எம்பி. நெட்ஃபிளிக்ஸ் 4கேவுக்குக் கேக்குறது 15 எம்பிபிஎஸ், ஃபுல் எச்டிக்கு 5. ஒரு வீடியோ காலுக்குப் போக 4 வர 4 வச்சுக்கங்க. நாலு பேரு இருக்குற வீட்டுல ரெண்டு டிவியும் 4கேல ஓடி, ஒருத்தர் மீட்டிங்ல இருந்து, ஒருத்தர் கேம் ஆடினாலும் 50ஐத் தாண்டாது. 100 போதும், பெரிய ஃபைல் அடிக்கடி இறக்குறவங்களுக்கு 200, 300. அதுக்கு மேல போறது என் கணக்குல ஆசைக்குத்தான், ஆசை தப்பில்ல, ஆனா வீட்டுல அது தெரியுமான்னு பாத்துக்கங்க.

ஏன் சொல்றேன்னா, கம்பெனி இலவசமா குடுக்குற ரவுட்டர் சிலதுல லேன் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான். 300 பிளான் எடுத்துட்டு லேப்டாப்ல கேபிள் சொருகிப் பாத்தா ஒவ்வொரு தடவையும் 94, 95லயே நிக்கும். அந்த 94ங்கிற நம்பரைப் பாத்தீங்கன்னா லைன்ல கோளாறு இல்ல, போர்ட்டு இல்லன்னா கேபிள்தான் காரணம்னு அர்த்தம். வைஃபைல 2.4 கிகாஹெர்ட்ஸ்ல போன் கனெக்ட் ஆகியிருந்தா பக்கத்து வீட்டு சிக்னல் எல்லாம் மோதிக்கிட்டு 40, 50 வந்தாலே அதிகம். 5 கிகாஹெர்ட்ஸ் வேகம், ஆனா ரெண்டு சுவர் தாண்டினா திணறிடும். அதனால டெக்னீஷியன் வரும்போது வாசக்கதவு பக்கத்துலயே பெட்டியை மாட்டிட்டு ஓடப் பாப்பாரு, விடாதீங்க, வீட்டு நடுவுல வைக்கச் சொல்லுங்க, எக்ஸ்ட்ரா பத்து மீட்டர் ஒயர்தான ஆகப் போகுது.

அப்லோடு எவ்வளவுன்னு தனியா கேளுங்க, விளம்பரத்துல அது சின்ன எழுத்துல இருக்கும் இல்ல இருக்கவே இருக்காது. 300க்கு 300 குடுக்குறாங்களா, 300க்கு 20 குடுக்குறாங்களாங்கிறது ராத்திரியும் பகலும் மாதிரி. போன்ல போட்டோ எல்லாம் பேக்கப் போக ஆரம்பிச்சதும் மீட்டிங்ல உங்க குரல் வெட்டி வெட்டிப் போகுதுன்னா அப்லோடு நெரிஞ்சு கிடக்குன்னு அர்த்தம். டவுன்லோடும் சேந்து படுத்துக்கும், ஏன்னா வர்ற டேட்டாவுக்கு ‘கிடைச்சுது’ன்னு திரும்பிப் போற பதிலும் அந்த வழியாத்தான் போகணும்.

அன்லிமிடெட்னு சொன்னா எத்தனை ஜிபிக்கு மேல ஸ்பீடைக் குறைப்பீங்க, குறைச்சா எவ்வளவு வரும், அப்லோடும் அந்தக் கணக்குல சேருமா, இந்த மூணு கேள்வி. 4கே படம் ஒரு மணி நேரத்துக்கு 7 ஜிபி வரைக்கும் குடிக்கும், தினம் 4 மணி நேரம்னா மாசம் 840 ஜிபி, மேல பெரிய கேம் அப்டேட் எல்லாம் சேந்தா 1000 கூட தாண்டலாம். தாண்டின பிறகு 20 எம்பிபிஎஸ்னா வீட்டுல யாருக்கும் தெரியக்கூட தெரியாது, 1 எம்பிபிஎஸ்னா சண்டை வரும்.

அடுத்து ராத்திரி டெஸ்ட், இதை மட்டும் தவற விடாதீங்க. அதே தெருவுல அதே கம்பெனி வச்சிருக்குற ஒரு வீட்டைப் புடிச்சு, ராத்திரி 8லேருந்து 10க்குள்ள, முடிஞ்சா லேப்டாப்ல கேபிள் சொருகி டெஸ்ட் போடச் சொல்லுங்க. ஸ்பீட் டெஸ்ட் ஆப் தானா பக்கத்துல இருக்குற சர்வரைத்தான் எடுக்கும், அது பல நேரம் அந்தக் கம்பெனியோட சொந்த நெட்வொர்க்குக்குள்ளயே இருக்கும், எப்பவும் சூப்பர்னுதான் காட்டும். சர்வர் லிஸ்ட்டைத் திறந்து வேற கம்பெனி பேர்ல, வேற பெரிய சிட்டில இருக்குறதா ஒண்ணு செலக்ட் பண்ணி ஓட விடுங்க, அப்ப உண்மை வெளிய வரும். ஃபாஸ்ட் டாட் காம்ல கூடுதல் விவரம்னு ஒரு பட்டன் இருக்கு, அதத் தட்டினா லைன் சும்மா இருக்கும்போது பிங் எவ்வளவு, நிறைஞ்சு ஓடும்போது எவ்வளவுன்னு ரெண்டையும் காட்டும். சும்மா இருக்கும்போது 10, ஓடும்போது 400ன்னு வந்தா ஸ்பீடு எவ்வளவு பெரிசா இருந்தாலும் கால் பேச முடியாது.

நடுத்தர ஊருக்குன்னே ஒரு சங்கதி இருக்கு. லோக்கல் ஆபரேட்டர் பலரும் மேல ஒரு பெரிய கம்பெனிகிட்டதான் பேண்ட்வித் வாங்கி விக்கிறாங்க. ஊருக்குள்ள வர்ற மெயின் ஃபைபர் ஒண்ணோ ரெண்டோதான், ரோடு தோண்டுற மெஷின் ஒரு தடவை கொத்தினா ரெண்டு மூணு கம்பெனி ஒண்ணா படுத்துடும். வீட்டுலேருந்து வேலை பாக்குறவங்க பேக்கப்புக்கு ரெண்டாவது லைன் எடுக்குறாங்க, எடுங்க, ஆனா ரெண்டும் மேல ஒரே கம்பெனி லைன்லேருந்து வருதுன்னா அது பேக்கப் இல்ல, வெட்டி செலவு. ‘உங்களுக்கு மேல யாரு, எத்தனை லிங்க் வச்சிருக்கீங்க?’ன்னு கேளுங்க, ஒழுங்கா நடத்துறவரு யோசிக்காம சொல்லிடுவாரு. பதில் மழுப்பலா வந்தா அதுவும் ஒரு பதில்தான்.

ரிப்பேர் விஷயத்துல என் ஓட்டு பெரும்பாலும் லோக்கல் ஆளுக்குத்தான். பெரிய கம்பெனில ஆப்ல புகார் போட்டா நம்பர் வரும், மெசேஜ் வரும், ‘தீர்க்கப்பட்டது’ன்னு கூட வரும், ஆள் மட்டும் வர மாட்டாரு. லோக்கல்ல லைன்மேன் நம்பரே போன்ல இருக்கும். ஆனா லோக்கல்காரரு ஒரே ஒரு லைன்மேனை வச்சு ஊரையே ஓட்டுறாருன்னா ஞாயித்துக்கிழமை கோவிந்தாதான். பக்கத்து வீட்டுல ‘நல்லா இருக்கா’ன்னு கேட்டா ‘பரவாயில்ல’ம்பாங்க, அதுல ஒண்ணும் தெரியாது. ‘கடைசியா எப்ப போச்சு, எத்தனை மணி நேரம் ஆச்சு, யாரு வந்தாங்க?’ன்னு கேளுங்க.

கனெக்ஷன் போட வர்ற அன்னிக்கே ஒரு வேலை இருக்கு. டெக்னீஷியன் கையில பவர் மீட்டர் இருக்கும், ஒயர் முனையை அதுல சொருகினா மைனஸ்ல ஒரு நம்பர் காட்டும், டிபிஎம்னு, அதுதான் வர்ற வெளிச்சத்தோட பலம். ஜிபான் லைன்ல மைனஸ் 20ஐ ஒட்டி இருந்தா நிம்மதி, மைனஸ் 27 பக்கம் போச்சுன்னா வீட்டுப் பெட்டியோட எல்லைக்கே வந்தாச்சு, ஒரு மழையோ ஒரு மடிப்போ போதும் லைட் சிவப்பாகுறதுக்கு. அந்த நம்பரை போட்டோ எடுத்து வச்சுக்கங்க. பின்னாடி லைன் விட்டு விட்டு வந்தா ரவுட்டர் பேஜ்லயும் ஆர்எக்ஸ் பவர்னு அதே நம்பர் பல மாடல்ல இருக்கும், ரெண்டையும் காட்டி ‘அன்னிக்கு மைனஸ் 19, இன்னிக்கு மைனஸ் 26’ன்னு சொன்னா ‘ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்’ங்கிற பேச்சே எழாது.

வெளிய இருந்து வீட்டு கேமராவைப் பாக்கணும், கேம் சர்வர் போடணும்னா ஐபி (நெட்ல உங்க லைனுக்கு இருக்குற நம்பர் அட்ரஸ்) விஷயமும் கேட்டுக்கங்க. ஐபிவி4ங்கிற பழைய வகை அட்ரஸோட உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரிலயே தீந்து போச்சு, அதனால நிறைய கம்பெனி பல வீட்டுக்கு ஒரே அட்ரஸைப் பங்கு போட்டுக் குடுக்குறாங்க. ரவுட்டர் பேஜ்ல வான் ஐபின்னு (WAN, வெளிப்பக்க அட்ரஸ்) இருக்குறது 100.64ல ஆரம்பிச்சு 100.127க்குள்ள இருந்தா நீங்களும் அந்தப் பங்குலதான் இருக்கீங்க, வெளிய இருந்து நேரா உங்க வீட்டுக்குக் கனெக்ட் பண்ண முடியாது. சாதாரணமா பாக்குறவங்களுக்கு இதனால ஒண்ணும் ஆகாது, ஆப் மூலமா ஓடுற கேமராவும் ஓடிடும். தேவைப்படுறவங்க ஸ்டாட்டிக் ஐபிக்கு (உங்களுக்கு மட்டுமேயான மாறாத அட்ரஸ்) எவ்வளவு, ஐபிவி6ங்கிற புது வகை அட்ரஸ் குடுக்குறாங்களான்னு முன்னாடியே பேசிடுங்க.

காசை மாசக் கணக்குல கம்பேர் பண்ணாதீங்க, வருஷக் கணக்குல போடுங்க. ஆஃபர் ரேட் எத்தனை மாசம், அப்புறம் எவ்வளவு, வரி உள்ளயா வெளியா, இன்ஸ்டாலேஷன், ரவுட்டர் வாடகை இல்ல டெபாசிட், எல்லாம் கூட்டிப் பாத்தா வரிசையே மாறிடும். சேத்துக் குடுக்குற ஓடிடி ஏற்கனவே உங்ககிட்ட இருக்குன்னா அதுக்கு மதிப்பு சைபர். வருஷத்துக்கு மொத்தமா கட்டினா ரெண்டு மாசம் ஃப்ரீம்பாங்க, முதல் தடவையே அதுல விழாதீங்க, ஒரு மாசமோ மூணு மாசமோ ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் கட்டுங்க. பாதில நிறுத்தினா மிச்சக் காசு வருமா, வீடு மாறினா அங்க மாத்திக் குடுப்பாங்களா, அதுக்கு சார்ஜ் உண்டான்னு எழுத்துல, வாட்ஸ்அப் மெசேஜா இருந்தாலும் சரி, வாங்கிடுங்க.

பழைய லைனை புதுசு வந்த அன்னிக்கே வெட்டிடாதீங்க, பில் தேதி வரைக்கும் ரெண்டும் ஓடட்டும், ஒரு வார ராத்திரியாவது புது லைன் தாங்குதான்னு தெரியணும். அப்புறம் பழைய பெட்டியைத் திருப்பிக் குடுக்கும்போது அடியில இருக்குற சீரியல் நம்பரை போட்டோ எடுத்துட்டு, வாங்கினவரு பேர் தேதியோட ரசீது குடுத்தா மட்டும் கையிலேருந்து விடுங்க, அடாப்டரையும் சேத்து.