எட்ஜ் பெட்டி வாங்குமுன்: கடையிலும் வீட்டிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேமரா, ஃப்ரீசர் சென்சார், பில் மெஷின் தரும் தரவைக் கிளவுடுக்கு (தரவு நிலையத்தில் இருக்கும் சர்வர்களுக்கு) அனுப்பாமல், இருக்கும் இடத்திலேயே ஒரு சின்னக் கணினியை, அதாவது எட்ஜ் பெட்டியை, வைத்து அலசுவதுதான் எட்ஜ் கம்ப்யூட்டிங். தேக்காவில் கடை வைத்திருப்பவரிடம் இதை "வேகம்" என்று சொல்லி விற்பார்கள். சிங்கப்பூரில் அந்த வாதம் எடுபடாது. அமேசான், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றுக்கும் இந்தத் தீவிலேயே தரவு நிலையங்கள் உண்டு. நல்ல ஃபைபரில் போய்வர ஒருசில மில்லிவினாடிதான். உண்மையான காரணங்கள் வேறு. இணையம் அறுந்தாலும் கல்லாப்பெட்டி ஓட வேண்டும். அடுத்தது, அனுப்ப வேண்டிய தரவின் அளவு: 4 எம்பிபிஎஸ் கேமரா ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 43 ஜிபி தரும். எட்டு கேமரா என்றால் 345 ஜிபி.

அதிகம் சொதப்புவது மின்சாரத்தில். பெட்டிக்கு யுபிஎஸ் போட்டுவிட்டு, நெட்வொர்க் கேபிள் வழியாகவே கேமராக்களுக்கு மின்சாரம் தரும் பிஓஇ சுவிட்சைச் சாதாரண பிளக்கில் விட்டுவிடுவார்கள். கரண்ட் போனால் பெட்டி மட்டும் விழித்திருக்கும். பார்க்க ஒன்றும் இருக்காது. சுவிட்ச், ரவுட்டர், ஃபைபர் மோடம் எல்லாம் அதே யுபிஎஸ்ஸில் இருக்கட்டும்.

கடிகாரத்தையும் கவனியுங்கள். இப்படிப் பெட்டியாக வைக்கும் சின்னக் கணினிகளில் ஒன்றான ராஸ்பெரி பை 4-இல் பேட்டரிக் கடிகாரமே கிடையாது. பை 5-இல் உண்டு, ஆனால் பேட்டரியைத் தனியாக வாங்கிச் செருக வேண்டும். இணையம் இல்லாத நேரத்தில் பெட்டி மறுபடி எழுந்தால் நேரம் பின்தங்கிவிடும். விடியற்காலை ஃப்ரீசர் -18 டிகிரியை விட்டு ஏறியது, பதிவில் முந்தின இரவாக நிற்கும்.

இணைப்பு திரும்பியதும் அடுத்த வம்பு. சேர்த்துவைத்த பில்களை அனுப்பும் பெட்டி, பதில் வராதவற்றைத் திரும்பவும் அனுப்பும். ஒரே விற்பனை இரண்டாகப் பதியும். ஒவ்வொரு பில்லுக்கும் கடையிலேயே தனி அடையாள எண் இட்டு, அதே எண் மறுபடி வந்தால் சர்வர் ஒதுக்கும்படி செய்யச் சொல்லுங்கள். சோதிப்பது எளிது: மோடம் கேபிளைக் கழற்றி 20 பில் போடுங்கள், திரும்பச் செருகி எண்ணுங்கள். 20-க்கு 20 வராவிட்டால் பணம் கட்டாதீர்கள்.

ஓயாமல் பதிவு எழுதினால் மெமரி கார்டு தேய்ந்து செத்துவிடும், அதற்குப் பதில் எஸ்எஸ்டி வட்டு போடுங்கள்.

வீவக (வீட்டு வசதி வளர்ச்சிக் கழக) வீடுகளில் ஸ்மார்ட் ஹோம் பெட்டியைப் பாம் ஷெல்டர் என்ற பாதுகாப்பு அறையில் ஒளித்துவைப்பது வழக்கமாகிவிட்டது. கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும், வீட்டுச் சென்சார்கள் பெட்டியோடு கம்பியில்லாமல் பேசும் ஸிக்பீ சிக்னலை விழுங்கிவிடும். ஸிக்பீ டாங்கிளை யுஎஸ்பி 3 துளையில் நேராகச் செருகினாலும் இரைச்சல் வரும். நீட்டிப்புக் கேபிள் போதும். காற்றில்லா அறையில் சூடும் ஏறும்: 80 டிகிரியை எட்டினால் பை வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

"காணொளி கடையைத் தாண்டவில்லை, பயமில்லை" என்பார்கள். பெட்டியையே தூக்கிப் போனால்? வட்டு முழுவதையும் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி என்கிரிப்ட் செய்யுங்கள்; அந்தச் சாவியை அதே பெட்டியில் வைக்காதீர்கள். கசிந்த தனிநபர் தகவல் 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோருடையது என்றால், அறிவிக்க வேண்டிய கசிவு என்று உறுதியான 3 நாளுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்திடம் சொல்லியாக வேண்டும்.