வடிவம் மாறினாலும் உடையாத மெஷ்: சிமுலேஷனைத் தானாக ஓட்டுவது எப்படி?

ஒரு பிராக்கெட்டின் (தாங்கியின்) தடிமனையும் ஃபில்லட் (மூலையை உருட்டிவிடும் வளைவு) ஆரத்தையும் மாற்றி மாற்றி 50 வடிவங்களைச் சோதிக்க வேண்டும் என்றால், கையால் மெஷ் (வடிவத்தை எலிமென்ட் எனும் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் வலை) போட்டு மாளாது. மெஷ் போடும் ஜிமெஷ், தகைவைக் (பொருளுக்குள் ஓரலகுப் பரப்பில் வரும் விசையை) கணக்கிடும் கால்குலிக்ஸ் இரண்டும் இலவசம். இரண்டையும் இணைக்க ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் போதும். அதை எழுதுவது எளிதுதான். தவறான விடையை அது சத்தமில்லாமல் 50 முறை தந்துவிடாமல் பார்த்துக்கொள்வதில்தான் கவனம் வேண்டும்.

முதலில் அலகுகளை முடிவு செய்யுங்கள். மில்லிமீட்டர், நியூட்டன், மெகாபாஸ்கல் என்று வைத்தால் எஃகின் மீள்மைக் குணகம் 210000, அடர்த்தி 7.85 × 10⁻⁹ டன்/மிமீ³. அடர்த்தியை 7850 என்று போட்டுவிட்டால் நிலையான விசைக் கணக்கில் எதுவும் தெரியாது. அதிர்வெண் கணக்கில்தான் வெளிப்படும்.

பெரும்பாலான ஸ்கிரிப்ட்கள் உடைவது முகங்களுக்கு (வடிவத்தின் பரப்புகளுக்கு) மென்பொருள் தரும் எண்ணில். இன்று பிடிமானம் கொடுத்த முகம் 7 என்றால், ஃபில்லட் ஒன்றைச் சேர்த்ததும் அதே முகம் 11 ஆகிவிடலாம். ஸ்கிரிப்ட் நிற்காது, வேறொரு முகத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும். ஆகவே முகத்தை எண்ணால் அழைக்காமல், அது இருக்கும் இடத்தால் தேடுங்கள்: வடிவ அளவுகளிலிருந்து ஒரு எல்லைப்பெட்டி கணக்கிட்டு, சுற்றிலும் 0.01 மிமீ தளர்வு கொடுத்து, உள்ளே விழும் முகங்களை எடுங்கள். எத்தனை முகம் கிடைக்க வேண்டும் என்பதையும் எழுதிவையுங்கள். எண்ணிக்கை பொருந்தாவிட்டால் அந்த வடிவத்தை அங்கேயே நிறுத்திவிடலாம்.

மெஷுக்கு 10 நோடு (கணுப்புள்ளி) கொண்ட டெட்ராஹெட்ரன் (நான்முகி) எடுங்கள். 4 நோடு எலிமென்ட், பொருள் வளையும்போது அளவுக்கு மீறி விறைப்பாக நடந்துகொள்ளும், தகைவைக் குறைத்துக் காட்டும். மெல்லிய சுவரின் தடிமனில் குறைந்தது 2 எலிமென்ட் வேண்டும். ஜிமெஷின் வளைவு சார்ந்த அளவில் முழு வட்டத்துக்கு 24 எலிமென்ட் என்று கொடுத்தால், கால் வட்ட ஃபில்லட்டுக்கு 6 கிடைக்கும். இரண்டாம் படிக்கு (4 நோடிலிருந்து 10 நோடுக்கு) மாற்றியதும் வளைந்த பரப்பில் சில எலிமென்ட்கள் உள்ளே மடிந்து ஜேக்கோபியன் (எலிமென்ட்டின் திரிபைக் காட்டும் எண்) எதிர்மறையாகலாம். ஜிமெஷின் உயர்படி மேம்படுத்தலை ஓட்டி, மீண்டும் சரிபாருங்கள்.

கால்குலிக்ஸ் படிக்கும் ஐஎன்பி கோப்பாக ஏற்றுமதி செய்யும்போது முகங்களின் முக்கோண எலிமென்ட்களும் (சிபிஎஸ்6) கூடவே வந்துவிடும். நோடு தொகுப்புகளை வைத்துக்கொண்டு அந்த முக்கோணங்களை நீக்கிவிடுங்கள். விசையை முகத்தின் நோடுகளுக்குச் சமமாகப் பங்கிடாதீர்கள். 6 நோடு தட்டை முக்கோணத்தில் சீரான அழுத்தம் மூலை நோடுகளுக்குப் போகாது. நடு நோடு ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு. சமமாகப் பிரித்தால் அங்கே தகைவு திட்டுத்திட்டாக வரும். எலிமென்ட் முகத்தின் மேல் அழுத்தமாகக் கொடுப்பதே நல்லது.

உங்கள் பிராக்கெட்டுக்குப் போகுமுன் விடை தெரிந்த ஒன்றை ஓட்டுங்கள். 100 மிமீ அகலத் தகட்டின் நடுவே 10 மிமீ துளை, இரு முனையிலும் இழுவிசை. துளை விளிம்பில் உச்சத் தகைவு, தூரத்துத் தகைவைப்போல் ஏறக்குறைய 3 மடங்கு வர வேண்டும். 2.5 வந்தால் மெஷ் இன்னும் கரடாக இருக்கிறது.

ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஸ்கிரிப்ட் இரண்டைப் பார்க்கட்டும். எதிர்வினை விசைகளின் கூட்டு, கொடுத்த விசைக்குச் சமமா? 1 சதவீதம் தவறினாலும் தொகுப்பில் எங்கோ பிழை. அடுத்து, மெஷ் அளவை 4, 2.8, 2 மிமீ என்று குறைத்து மூன்று முறை ஓட்டுங்கள். ஒவ்வொரு படியிலும் எலிமென்ட்களின் எண்ணிக்கை ஏறக்குறைய 2.8 மடங்காகும். கடைசி இரண்டு ஓட்டங்களின் உச்சத் தகைவு 3 சதவீதத்துக்குள் நெருங்கினால் ஏற்கலாம். இடப்பெயர்ச்சி சீக்கிரம் நிலைப்படும், அதை மட்டும் பார்த்து நம்பிவிடக் கூடாது. தகைவு ஏறிக்கொண்டே போனால், ஃபில்லட் இல்லாத கூரிய உள்மூலையில் நிற்கிறீர்கள். அங்கே எவ்வளவு நுணுக்கினாலும் எண் நிலைக்காது. நிஜ ஆரத்தை வரைந்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

மெஷ் விழாத வடிவங்களுக்குக் காரணம் பெரும்பாலும் கேட் (கணினி வரைவு) கோப்பில் இருக்கும் 0.02 மிமீ போன்ற துண்டு விளிம்புகள். குறைந்தபட்ச விளிம்பு நீளத்தை முன்கூட்டியே அளந்து பதிவு செய்யுங்கள். தோற்ற வடிவத்தைக் காரணத்தோடு குறித்துவிட்டு, ஸ்கிரிப்ட் அடுத்ததுக்கு நகரட்டும். முடிவு அட்டவணையில் அந்த இடம் காலியாகவே இருக்கட்டும், பூஜ்ஜியம் போடாதீர்கள். தகைவைக் குறைக்கத் தேடும் நிரல், பூஜ்ஜியத்தைத்தான் சிறந்த வடிவம் என்று எடுத்துக்கொள்ளும்.