அமெரிக்க ராணுவச் சீருடையின் பேட்ச்களைப் படிப்பது எப்படி?

செய்திப் படங்களில் அமெரிக்க ராணுவத்தாரைப் பார்க்கும் பலரும் முதலில் கேட்பது, "கையில் ஒட்டியிருக்கிறதே, அந்தப் படம் என்ன?" என்றுதான். படத்தைவிட அது எந்தக் கையில் இருக்கிறது என்பதே முக்கியம். ஒரே கழுகுத் தலை இடது தோளில் இருந்தால் ஒரு செய்தி, வலது தோளில் இருந்தால் வேறு செய்தி. இப்போது புழக்கத்தில் உள்ள, பச்சையும் பழுப்பும் கலந்த களச் சீருடையை எடுத்துக்கொள்வோம்.

ஒன்றை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: இங்கே இடது, வலது என்பதெல்லாம் சீருடை அணிந்தவரின் இடது, வலது. எதிரே இருந்து பார்க்கும் நமக்கு அது மாறித்தான் தெரியும்.

படி 1: எந்தப் படை?

நெஞ்சில் இரண்டு துணிப் பட்டைகள் இருக்கும். வலப்பக்கம் அவருடைய குடும்பப் பெயர், இடப்பக்கம் படையின் பெயர். 'யு.எஸ். ஆர்மி' என்று இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம். விமானப்படையும் 2018-லிருந்து இதே துணிக்கு மாறிவிட்டது. ஆனால் அவர்களுடைய பேட்ச் விதிகள் வேறு. மரீன்கள் (கடல்வழித் தாக்குதலுக்கான தனிப் படையினர்) 1947-லேயே தோள் பேட்ச்களைக் கைவிட்டுவிட்டார்கள். அவர்கள் கையில் தேடிப் பயனில்லை.

படி 2: என்ன பதவி?

இது நெஞ்சின் நடுவில் இருக்கும். கூரை போல மேல்நோக்கிய கோணப் பட்டைகள் மூன்று இருந்தால் சார்ஜென்ட். அதிகாரிகளில் லெப்டினன்ட்களுக்குச் செங்குத்தான ஒரு கோடு, கேப்டனுக்கு இரண்டு; மேஜருக்கும் லெப்டினன்ட் கர்னலுக்கும் ஓக் இலை, கர்னலுக்குக் கழுகு, ஜெனரல்களுக்கு நட்சத்திரம். புதிதாகப் பார்ப்பவர்கள் தடுமாறும் இடம் நிறம்தான். விழா உடையில் பொன்னிறமாக இருப்பது இங்கே பழுப்பாகவும், வெள்ளி நிறம் கறுப்பாகவும் மாறிவிடும். ஆகவே பழுப்பு இலை மேஜர், கறுப்பு இலை அவருக்கு மேலுள்ள லெப்டினன்ட் கர்னல். பொன்னைவிட வெள்ளி உசத்தி என்பது விநோதம்தான், ஆனால் அங்கே வழக்கம் அப்படி.

படி 3: இடது தோள், இப்போது எங்கே இருக்கிறார்?

இடது தோளில் இருப்பது அவர் இன்று பணியாற்றும் பிரிவு. மாற்றலாகிப் போனால் இதுவும் மாறும். வெல்க்ரோ என்பதால் பிரித்து ஒட்ட ஒரு நொடி போதும்.

இந்த வழக்கத்தின் வேர் ஒரு வசவில் இருக்கிறது என்பார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த 1862-ல் ஜெனரல் பிலிப் கியர்னி, வேறு படையின் அதிகாரிகளைத் தன் ஆட்கள் என்று நினைத்து ஏசிவிட்டாராம். அதன்பின் தன் அதிகாரிகள் தொப்பியில் சிவப்புத் துணித் துண்டு வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். தோளுக்கு வந்தது 1918-ல். முதல் உலகப் போருக்காகப் பிரான்சுக்குப் போன 81-வது டிவிஷன் (பல ஆயிரம் பேர் கொண்ட பெரும் படைப்பிரிவு), காட்டுப்பூனைப் படத்தைத் தோளில் தைத்துக்கொண்டு போனது. மற்றவர்கள் முணுமுணுத்தார்கள்; மேலிடமோ அனுமதித்ததோடு, எல்லா டிவிஷன்களும் ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டது.

தொடக்கத்தில் மூன்றை அடையாளம் கண்டால் போதும். 82-வது டிவிஷனுக்கு இரட்டை 'ஏ': 1917-ல் அது உருவானபோது எல்லா மாநிலத்தாரும் அதில் இருந்ததால் 'ஆல் அமெரிக்கன்' என்ற பெயர் வந்தது. 101-வது டிவிஷனுக்குக் கத்தும் கழுகு. முதல் கேவல்ரி (குதிரைப்படை) டிவிஷனுக்குக் குதிரைத் தலையும் குறுக்குக் கோடும் கொண்ட பெரிய கேடயம். வண்ணத்தில் அது மஞ்சள். மஞ்சள் அவர்கள் ஊரில் கோழைத்தனத்தின் நிறம் என்பதால் மற்றப் பிரிவினர் விடுவார்களா? "ஏறாத குதிரை, தாண்டாத கோடு, காரணம் அந்த மஞ்சள்" என்று இன்றும் வம்புக்கு இழுப்பார்கள்.

பழைய படங்களைப் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 45-வது டிவிஷன் 1939 வரை ஸ்வஸ்திகாவை அணிந்திருந்தது. அமெரிக்கத் தென்மேற்கின் பழங்குடியினர் நெடுங்காலமாகப் பயன்படுத்திய குறி அது. நாஜிகள் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்ட பிறகு டிவிஷன், பழங்குடியினர் கதைகளில் வரும் இடிப்பறவைக்கு மாறியது. அப்படியொரு படம் கண்ணில் பட்டால் அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள்.

படி 4: வலது தோள், யாருடன் போருக்குப் போனார்?

வலது தோளில் கொடிக்குக் கீழே பேட்ச் இருந்தால், அந்தப் பிரிவோடு போர்க்களம் கண்டவர் என்று பொருள். இதை மாற்றல் உத்தரவு பறிக்காது. பல பிரிவுகளோடு போனவர் விரும்பிய ஒன்றை ஒட்டிக்கொள்ளலாம், ஒட்டாமலும் விடலாம். அதனால் வெறும் தோளைப் பார்த்து "போருக்கே போகாதவர்" என்று சொல்லிவிட முடியாது. இடது தோளில் இரட்டை 'ஏ', வலது தோளில் கழுகு என்றால்: இன்று 82-ல் இருக்கிறார், போருக்குப் போனது 101-உடன்.

படி 5: கொடி ஏன் திரும்பியிருக்கிறது?

வலது தோளில் உள்ள கொடியில் நட்சத்திரக் கட்டம் நமக்கு வலப்புறம் தெரியும். அச்சுப் பிழை அல்ல. கம்பத்தில் கட்டிய கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னே ஓடினால் கம்பத்தை ஒட்டிய நட்சத்திரங்கள்தானே முந்தும்? வழக்கமான பக்கமாக ஒட்டினால் கொடி பின்வாங்குவது போல ஆகிவிடும்.

படி 6: வளைந்த சிறு பட்டைகள்

இடது தோளில் பிரிவு பேட்சுக்கு மேலே இருப்பவை இவை. இரண்டு வகை உண்டு. 'ஏர்போர்ன்' (வான்வழிப் படை) பட்டை பிரிவு பேட்சின் ஒரு பகுதி. அணிபவர் பாராசூட்டில் குதித்தவராக இருக்க வேண்டியதில்லை. 101-வது டிவிஷன் ஹெலிகாப்டருக்கு மாறிப் பல பத்தாண்டுகள் ஆகியும் அந்தப் பட்டை அப்படியே இருக்கிறது. குதிக்கப் பயிற்சி பெற்றவரா என்று அறிய நெஞ்சில் இறக்கை வைத்த பாராசூட் சின்னத்தைத் தேடுங்கள்.

'ரேஞ்சர்' (அதிரடி வீரர்) பட்டை அப்படியல்ல. இரண்டு மாதம் பட்டினியும் தூக்கமின்மையுமாக ரேஞ்சர் பள்ளியை முடித்தவருக்கு மட்டும் கிடைப்பது. எந்தப் பிரிவுக்குப் போனாலும் கூடவே வரும். 2015-ல்தான் பெண்கள் முதன்முதலாக அதைப் பெற்றார்கள். ஆனால் 75-வது ரேஞ்சர் ரெஜிமென்ட்டின் பேட்ச் வேறு: சுருள் ஓலை வடிவில், பட்டாலியன் எண்ணோடு இருக்கும். பட்டை படிப்பைச் சொல்லும், சுருள் பணியிடத்தைச் சொல்லும். பட்டையை மட்டும் பார்த்துவிட்டு ரேஞ்சர் ரெஜிமென்ட்காரர் என்று எழுதிவிடாதீர்கள். பள்ளியை முடித்துவிட்டு எங்கோ ஒரு டாங்கிப் பிரிவில் இருப்பவராகவும் இருக்கலாம்.