எழுதினதை அனுப்புறவங்களுக்கு ஒரு சின்ன டிப்ஸ்

நீங்க ஏதாவது எழுதி வாட்ஸப்ல நாலு பேருக்கு அனுப்புறவங்களா இருந்தா, குரூப்ல போடாம பிராட்காஸ்ட் லிஸ்ட் (ஒரே மெசேஜை ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா அனுப்புற வசதி) போட்டு அனுப்பிப் பாருங்க. குரூப்ல போட்டா குட் மார்னிங் ரோஜாப்பூவுக்கு நடுவுல அது காணாமப் போயிடும், பதில் சொல்ல நினைக்கிறவங்களும் அத்தனை பேர் முன்னாடி கூச்சப்பட்டு விட்டுடுவாங்க. பிராட்காஸ்ட்னா ஒரு லிஸ்ட்ல 256 பேர் வரைக்கும் சேர்க்கலாம், பதில் நேரா உங்களுக்கு மட்டும்தான் வரும். ஆனா உங்க நம்பரை அவங்க போன்ல சேவ் பண்ணியிருக்கணும், இல்லன்னா மெசேஜ் போகவே போகாது, அதனால முதல்லயே சொல்லிடுங்க.

அப்புறம் கடைசில "எப்படி இருக்கு"ன்னு மட்டும் கேக்காதீங்க, ஒரு கட்டைவிரலோட முடிஞ்சிடும். நான் மாம்பலம் ஸ்டேஷன்லேர்ந்து ரங்கநாதன் தெருவுக்குள்ள நுழையுற கூட்டத்தைப் பத்தி எழுதி, அங்க நீங்க முதல்ல வாங்கினது என்னன்னு கேட்டேன். தாம்பரத்துலேர்ந்து ஒரு அம்மா, கல்யாணமான புதுசுல வாங்கின எவர்சில்வர் டம்ளர் இன்னும் வீட்ல இருக்குன்னு மூணு நிமிஷத்துக்கு வாய்ஸ் நோட் அனுப்பினாங்க, பின்னாடி குக்கர் விசில் அடிக்குது, அவங்க பாட்டுக்கு பேசிட்டே போறாங்க. அதை ரெண்டு தடவை கேட்டேன். இப்படி வந்தா அன்னைக்கே பேர் சொல்லி பதில் போட்டுடுங்க, ரெண்டு வரி போதும்.