கேரவன் மாட்டும் முன் டேப்பை எடுங்கள்

வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போகும் கேரவனை மாட்டும் முன், சமதளத்தில் அதை இழுக்கும் வண்டியின் முன்சக்கர வளைவிலிருந்து தரை வரை டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மாட்டியபின் மறுபடி அளங்கள். உயரம் கூடியிருந்தால் முன் அச்சின் எடை குறைந்திருக்கிறது.

கொக்கி பின் அச்சுக்கும் பின்னால் இருப்பதால், அங்கே அழுத்தும் பாரம் முன்பக்கத்தை நெம்பித் தூக்கும். ஸ்டீயரிங் லேசாகும், முன் டயரின் பிடிமானமும் குறையும். கேரவனின் மூக்கில் இருக்கும் கனமான சாமான்களை அதன் அச்சுக்கு மேலே நகர்த்துங்கள்; அதற்கும் பின்னால் போனால் வால் ஆட ஆரம்பிக்கும், அது இன்னும் மோசம். பின்பக்கம் கெட்டியான ஸ்பிரிங் போட்டால் போதும் என்பார்கள். பின்பகுதி உயரும், சரி, ஆனால் இழந்த எடை முன்னால் திரும்பாது.

தானே மட்டம் சரிசெய்யும் ஏர் சஸ்பென்ஷன் வண்டிகளில் டேப் ஏமாற்றும். அவற்றை எடைமேடையில் அச்சு அச்சாக நிறுத்தித்தான் பார்க்கவேண்டும்.